ஏணியின் மேற்படிகள்

ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு முதல் பொறியியல் பட்டதாரி என் பெரியப்பா மகன்தான். கொத்தனாரின் பிள்ளை, ஆதிதிராவிட வகுப்பினர் நாங்கள். பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தில் அவர் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தபோது தெருவே மகிழ்ந்தது. "இனி என்ன குறை!" என்றார் என் அப்பா.

ஓராண்டு கழிந்தது. ஒரு ஞாயிறு மாலை அண்ணன் பையும் படுக்கையுமாக மின்சார ரயிலில் வந்து இறங்கினார். "படித்தது போதுமடா" என்றார். இரவு வாசலில் அமர்ந்து காரணம் கேட்டேன். ஆறு மாதமாக உதவித்தொகை வரவில்லை, சாப்பாட்டுக்கே கைமாற்று. ஆய்வுக்கூடத்தில் பெயருக்கு அடுத்த கேள்வி, "நுழைவுத் தேர்வில் ரேங்க் என்ன?" கேட்பது ரேங்க்; அறிய விரும்புவது சாதி. அதன்பின் தேநீருக்குக் கூட அழைப்பில்லை. கருவியைத் தொடும் முறையும் கடைசியில்தான் வரும்.

எனக்கு நெஞ்சு நடுங்கியது. சேலம் மாவட்டத்திலிருந்து ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்திற்கு இயற்பியல் ஆய்வுக்குச் சென்ற செந்தில்குமார் நினைவுக்கு வந்தார். ஒடுக்கப்பட்ட குடும்பத்தின் முதல் தலைமுறை மாணவர் அவர். 2008இல் விடுதியிலேயே அவர் வாழ்வு முடிந்தது. அவருக்கு ஆய்வு வழிகாட்டியே ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. 2016இல் அதே வளாகத்தில் ரோகித் வெமுலாவையும் இழந்தோம். அன்றிரவு அண்ணன் உறங்கும்வரை நான் உறங்கவில்லை.

மறுவாரம் அதே நிறுவனத்தில் இறுதியாண்டு ஆய்வு செய்யும் ஓர் அக்கா வீடு தேடி வந்தார், அவரும் நம்மவரே. அறிவுரை ஏதும் கூறவில்லை. தம் முதல் கட்டுரையின் திருத்தப் பிரதியை எடுத்து நீட்டினார். பக்கமெல்லாம் சிவப்பு மை! "தம்பி, எனக்கும் இப்படித்தான் இருந்தது. வா, சேர்ந்து எழுதுவோம்" என்றார். அண்ணன் திரும்பிச் சென்றார்.

அந்த அக்கா வந்தது தற்செயல். ஒரு மாணவனின் எதிர்காலம் தற்செயலை நம்பியிருக்கலாமா? அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்துக் கறுப்பின மாணவர்கள் 1975இல் தேசியக் கறுப்பினப் பொறியாளர் சங்கத்தை நிறுவியதும், முன்னே சென்றவர் பின்னே வருபவரின் கையைப் பற்றத்தானே!

நம் பல்கலைக்கழகங்கள் செய்யவேண்டியவை அரியவை அல்ல. உதவித்தொகை மாதந்தோறும் வரவேண்டும். தாமதமானால் நிறுவனமே முன்பணம் தரவேண்டும். சேர்ந்தவுடன் வழிகாட்டியை ஒதுக்கவேண்டும். அவர்மீதே குறை இருந்தால் அச்சமின்றிச் சொல்ல வேறோர் இடம் வேண்டும். மூத்த ஆய்வாளர் ஒருவரைத் துணையாக அமர்த்தவேண்டும். இட ஒதுக்கீடு வாயிலைத் திறந்தது. உள்ளே நடக்கவும் வழி வேண்டாமா?

இயற்பியலில் ஆய்வு செய்ய வேண்டும் என்பதே என் ஆசையும். அப்பா இப்போது "இனி என்ன குறை!" என்பதில்லை. "அங்கே உனக்கென்று யாராவது இருப்பார்களா?" என்றே கேட்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வேன், தோழர்களே?

— இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்