ஆகஸ்டிலேயே மூடிய கணக்கு

நான் பி.காம். நம்பிக்கையைக்கூட பேலன்ஸ் ஷீட் போட்டுத்தான் பார்ப்பேன்.

2011 ஆகஸ்ட் கடைசி. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் இருந்தேன். உள்ளூர் பேஸ்பால் டீம் கார்டினல்ஸ். போன நாலு மாசத்தில் எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. பிளே-ஆஃப் போக மிச்சமிருந்த ஒரே இடத்தில் அட்லாண்டா. நாங்கள் பத்தரை ஆட்டம் பின்னால். 162 ஆட்டங்களில் பாக்கி 32.

"செப்டம்பர் கடைசி வரை இரேன், மேட்ச் பார்க்கப் போகலாம்" என்றார் வீட்டுக்காரர். எழுபது வயசு.

"ஊத்திக்கிச்சு சார்" என்றேன்.

"இன்னும் 32 இருக்கே" என்று ரேடியோவைச் சத்தமாக வைத்தார். நான் சென்னைக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.

அந்த 32-ல் 23 ஜெயித்தார்கள், சார்! செப்டம்பர் 28, கடைசி நாள். கார்டினல்ஸ் ஹூஸ்டனை 8-0 என்று நொறுக்க, அட்லாண்டா பதின்மூன்றாவது இன்னிங்ஸில் தோற்றது. ஒரே ஆட்ட வித்தியாசத்தில் உள்ளே! அக்டோபரில் உலகத் தொடரையே தூக்கினார்கள்.

சென்னை ஆபீஸில் காலை ஒன்பது மணிக்கு ஸ்கோர் பார்த்துக் குதித்தேன். அவருக்கு போன் போடத்தான் கை வரவில்லை.

கணக்கு முடிப்பது மார்ச் 31-ல் என்று மூணு வருஷம் படித்தவன். ஆகஸ்டில் எதற்கு லெட்ஜரை மூடினேன்? நீங்களே சொல்லுங்கள்.