அஃபர்வட்டுக்கு ஒரு சின்னப் பை

கடையில் பையைக் கையில் எடுத்ததும் யாரும் கேட்பது, 'எத்தனை லிட்டர்?' பனிச்சறுக்குக்காகக் குல்மார்க் போகிறவர் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய வேறொன்று இருக்கிறது. கையுறை போட்ட கையால், நின்றபடியே, பின்னால் வரிசையில் நிற்பவர் பொறுமை இழப்பதற்குள் இந்தப் பையைக் கழற்ற முடியுமா? அங்கே பை முதுகிலிருந்து இறங்குவதும் மடியில் உட்காருவதும் மறுபடி முதுகில் ஏறுவதுமாகவே நாள் போகும்.

ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில், சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது குல்மார்க். அங்கிருந்து மலையேறும் கொண்டோலா என்ற ரோப் கார் இரண்டு கட்டமாகப் போகிறது. 1998இல் திறந்த முதல் கட்டம், காங்டூரி என்ற இடத்தில் ஏறக்குறைய 3,100 மீட்டரில் இறக்கிவிடும். 2005இல் வந்த இரண்டாவது, அஃபர்வட் மலைத்தோளில் சுமார் 3,950 மீட்டருக்குக் கொண்டுபோகும். ஊரில் குதிரைக்காரர் முதல் ஓட்டல் முதலாளி வரை எல்லாரும் 'ஃபேஸ் ஒன்', 'ஃபேஸ் டூ' என்றுதான் பேசுகிறார்கள். ஒரு பெட்டிக்கு ஆறு பேர். ஸ்கீ கட்டைகள் பெட்டிக்கு வெளியே உள்ள கூட்டில் நிற்கும். பை நம்மோடு உள்ளே வரும். ஆறு ஜோடி ஸ்கீ பூட்ஸ், ஆறு ஹெல்மெட், முட்டிக்கு முட்டி இடிக்கும் இடத்தில் ஒருவர் 30 லிட்டர் பையோடு ஏறினால் மற்ற ஐந்து பேரின் முகமும் மாறுவதைப் பார்க்கலாம்.

பெட்டியாவது நாலு பக்கமும் மூடியது. காங்டூரியிலிருந்து மேரி ஷோல்டர் பக்கம் ஏறும் நாற்காலி லிஃப்ட் அப்படியல்ல. நாற்காலி பின்னாலிருந்து வந்து நம்மை அள்ளிக்கொண்டு போகும். முதுகில் பை இருந்தால் நாம் நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார முடியும். கீழே வெறும் பள்ளம். இறங்கும் இடத்தில் ஆபத்து இன்னொரு விதமாக வரும். தொங்கும் வார் ஒன்று நாற்காலிக் கம்பியில் மாட்டிக்கொண்டால், கால் தரையைத் தொட்ட பிறகும் நாற்காலி நம்மை விடாது. அதனால்தான் பல பனிச்சறுக்கு மலைகளில் லிஃப்ட் ஆட்கள் பையை முன்னால் அணைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நான் பை வாங்கியதும் முதலில் செய்வது, நீளமாகத் தொங்கும் வார் நுனிகளைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போடுவது. ஸ்கீக்கென்றே தைத்த பைகளில் நுனியைச் செருகிவைக்கப் பட்டை இருக்கும். மலையேற்றப் பைகளில் பெரும்பாலும் இருக்காது. அவற்றுக்கு அழகே நாலாபக்கமும் தொங்கும் வார்கள்தான்.

எடை விஷயத்தில் எனக்குப் பாடம் எடுத்தவர் என் பயிற்சியாளர். ஐம்பதைத் தாண்டிய காஷ்மீரி. ஃபெரன் என்ற நீள அங்கிக்கு மேலேயே ஒரு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, நான் எங்கே விழுவேன் என்று எனக்கு முன்பே தெரிந்தவர்போல் நிற்பார். "ஆகே ஜுக்கோ, பாய் ஸாப், ஆகே!" முன்னால் சாயுங்கள், முன்னால். ஸ்கீ கற்கும் எவரும் பயத்தில் பின்னால்தான் சாய்வார்கள். பின்னால் சாய்ந்தால் கட்டையின் முன்பகுதி பனியைப் பிடிக்காது, திரும்பவும் வராது. இந்தப் பயத்துக்குத் துணையாக முதுகில் நாலு கிலோ தொங்கினால் என்ன ஆகும்? என் பையை ஒருநாள் கையில் தூக்கிப் பார்த்தவர், ஒன்றும் சொல்லாமல் அதைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டார். அன்றைக்குத்தான் எனக்கு இடதுபக்கத் திருப்பம் வந்தது.

ஆனால் தண்ணீர் இல்லாமல் முடியாது. குளிர்க்காற்றில் ஈரம் மிகக் குறைவு; அந்த உலர்ந்த காற்றை இழுத்து, உடம்பின் ஈரத்தோடு வெளியே விடுகிறோம். உயரத்தில் மூச்சும் வேகமாக வாங்கும். வியர்வை ஜாக்கெட்டுக்குள்ளேயே போய்விடுவதால் கண்ணுக்குத் தெரியாது, குளிரில் தாகமும் அவ்வளவாக எடுக்காது. மதியத்துக்கு மேல் தலை கனக்கும்போது, உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்வோம்; பல சமயம் அது வெறும் தண்ணீர்க் குறைவு. பனியை அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு வாய்த் தண்ணீருக்கு எவ்வளவோ பனி வேண்டும், அதை உருக்கும் சூடும் நம் உடம்பிலிருந்துதான் போக வேண்டும்.

நிற்காமலே குடிக்க முதுகில் தண்ணீர்ப்பை, தோள்வழியாக ஒரு குழாய் என்ற ஏற்பாடு வெயிலில் பிறந்தது. 1980களின் கடைசியில் அமெரிக்காவின் டெக்சாஸில், ஆகஸ்ட் வெயிலில் நடக்கும் நூறு மைல் சைக்கிள் பந்தயத்தில் மைக்கேல் ஐட்சன் என்ற அவசர மருத்துவ ஊழியர் கலந்துகொண்டார். சலைன் ஏற்றும் பையில் தண்ணீரை நிரப்பி, அதை ஒரு காலுறைக்குள் நுழைத்துச் சட்டையின் முதுகில் பொருத்தி, குழாயைத் தோளுக்கு மேலே இழுத்துத் துணிக் கிளிப்பால் கவ்வவைத்து ஓட்டினார். கேமல்பேக் என்ற கம்பெனி அதிலிருந்துதான் வந்தது. அந்தப் பையைப் பனிமலைக்குக் கொண்டுவந்தது பின்னால் வந்தவர்களின் ஆசை.

ஆசை எங்கே முட்டுகிறது என்றால், குழாயில். முதுகை ஒட்டி இருக்கும் இரண்டு லிட்டர் தண்ணீர் உடம்புச் சூட்டில் லேசில் உறையாது. குழாயில் நிற்பதோ ஓரிரு வாய். அது முழுக்கக் காற்றில் வெளிப்பட்டுக் கிடக்கிறது. மைனஸ் பத்து டிகிரியில், கொண்டோலா வரிசையில் நிற்கும் நேரத்திலேயே கடித்து உறிஞ்சும் வாய்ப்பகுதி முதலில் இறுகும், பிறகு குழாய். அப்புறம் முதுகில் இருப்பது குடிக்க முடியாத இரண்டு கிலோ. இதற்கு வழிகள் உண்டு. குடித்து முடித்ததும் குழாய்க்குள் ஊதி, மிச்சத் தண்ணீரைப் பைக்கே திருப்பி அனுப்பிவிட வேண்டும். வெறும் குழாயில் உறைய ஒன்றுமில்லை. காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றலாம். ஸ்கீ பைகளில் குழாயைத் தோள்வாருக்குள்ளேயே விட்டு ஜிப் போடும்படி, பஞ்சு வைத்துத் தைத்திருப்பார்கள். இல்லையென்றால் அக்குள் வழியாக ஜாக்கெட்டுக்குள் ஓட்டிக்கொள்ளலாம். எல்லாம் வேலை செய்கிறது, ஊத மறக்காத வரை. மூச்சிரைத்து நிற்பவனுக்கு ஒவ்வொரு வாய்க்குப் பிறகும் குழாயை ஊத நினைவிருக்கும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

எனவே என் தீர்ப்பு: அந்தப் பையை வாங்கலாம், குழாயை ஓட்டல் அறையில் விட்டுப் போகலாம். தண்ணீர்ப்பைக்காகத் தைத்த பைகள் இயல்பிலேயே தட்டையானவை, முதுகை ஒட்டி நிற்பவை, ஆடாதவை. ஸ்கீக்கு வேண்டியதும் அதுவே. ஃபேஸ் ஒன்னோடு நிற்கிறவர்களுக்கு 10, 12 லிட்டர் தாராளம். அதற்குள் அரை லிட்டர் பாட்டில் ஒன்று, சின்ன ஃபிளாஸ்க் ஒன்று, மாற்றுக் கையுறை, வெயில் கண்ணாடி, கொஞ்சம் பாதாம். பாட்டிலைத் தலைகீழாக வைப்பது அங்கே எல்லாரும் செய்வது. தண்ணீர் மேலிருந்துதான் உறையத் தொடங்கும். தலைகீழாக இருந்தால் பனிக்கட்டி அடிப்பக்கம் கட்டும், மூடி திறக்கும். ஸ்டீல் ஃபிளாஸ்க்கை முதுகெலும்பை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள். மல்லாக்க விழாத நாள் ஸ்கீயில் கிடையாது. காங்டூரியில் கஹ்வாத் தேநீரும் மேகியும் கிடைக்கும் என்பதால் மதியச் சாப்பாட்டைச் சுமக்கும் வேலையும் இல்லை.

ஃபேஸ் டூ வேறு உலகம். அங்கே ரோந்துக் குழு பார்த்துக்கொள்ளும் எல்லைக்கு வெளியே கால் வைத்தால், பனிச்சரிவுக்கு நாமே பொறுப்பு. 2010 பிப்ரவரியில் குல்மார்க்கை ஒட்டிய கிலன்மார்க்கில், ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த 17 வீரர்கள் பனிச்சரிவில் இறந்தார்கள். மலையைத் தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள். பையின் அளவை அங்கே தண்ணீர் தீர்மானிப்பதில்லை, புதைந்தவரைத் தேடி மீட்கும் மூன்று கருவிகள் தீர்மானிக்கின்றன. பீக்கன் என்று எல்லாரும் சொல்லும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைக்கருவி, மடக்கிய நிலையில் முழங்கை நீளமும் விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேலும் வரும் புரோப் கம்பு, கழற்றி மாட்டும் ஷவல். பீக்கன் பைக்குள் போகவே கூடாது. உடம்போடு, உள்சட்டைக்கு மேல் கட்டியிருக்க வேண்டும். பனிச்சரிவு பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டால், தேடுகிறவர்கள் பையைத்தான் தோண்டி எடுப்பார்கள். ஷவலுக்கும் புரோபுக்கும் தனி அறை, தனி ஜிப் இருக்கும் பையாகப் பார்க்க வேண்டும். புதைந்தவரை மீட்க முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான் உண்மையான அவகாசம்; அந்த நேரத்தில் பாதாமையும் மாற்றுக் கையுறையையும் பனியில் கொட்டிக்கொண்டு ஷவலைத் தேட முடியாது. இதெல்லாம் சேர்ந்தால் 18 முதல் 22 லிட்டர் ஆகும். நடந்து ஏறும் இடங்களுக்காக ஸ்கீ கட்டைகளைக் குறுக்காகவோ இருபுறமுமாகவோ மாட்டும் வார்களும் வேண்டும். நான் 20 லிட்டரில் நின்றுவிட்டேன்.

காற்றுப்பை உள்ள பைகளும் உண்டு. கைப்பிடியை இழுத்தால் பலூன் விரியும். ஓடும் பனியில் பெரிய பொருள் மேலே வந்துவிடும் என்ற இயற்பியல்தான் அதன் அடிப்படை. நல்ல பொருள், சந்தேகமில்லை. ஆனால் விலை கண்ணைக் கட்டும், எடை ஏறும். அழுத்திய வாயு சிலிண்டர் வைத்ததை விமானத்தில் கொண்டுபோக விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். மின்விசிறியால் விரிபவற்றில் அந்தத் தொல்லை குறைவு. எனக்கு வேறொரு தயக்கமும் இருக்கிறது. பலூன் இருக்கும் தைரியத்தில், பலூன் தேவைப்படும் சரிவுக்குப் போகும் ஆட்களோடு நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

வாங்கப் போகும்போது ஜாக்கெட்டோடு போங்கள். சென்னையில் பெரிய விளையாட்டுப் பொருள் கடையில், ஏசியையும் மீறி வியர்க்க, இறகு ஜாக்கெட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு நான் ஒவ்வொரு பையாக ஏற்றி இறக்கியதை விற்பனைப் பையன் வேடிக்கை பார்த்தான். "அண்ணா, நல்லா இருக்கீங்கல்ல?" என்றான். ஜாக்கெட்டுக்கு மேல் மார்பு வார் எட்டுகிறதா, இடுப்புப் பட்டை எலும்பில் உட்காருகிறதா, ஜிப் நுனியில் கையுறை விரல் நுழைய வளையம் இருக்கிறதா என்பது டீஷர்ட்டில் தெரியாது. முதுகுப்புறம் வலை வைத்த பையைத் தவிர்த்துவிடுங்கள். நம்மூர் வெயிலுக்குக் காற்றோட்டமாக இருக்கும் அந்த வலையில், கழற்றி வைக்கும்போதெல்லாம் பனி அப்பிக்கொள்ளும். மாட்டியதும் உருகி முதுகை நனைக்கும். வழவழப்பான முதுகென்றால் ஒரு தட்டில் உதிர்ந்துவிடும்.

குழாயும் தண்ணீர்ப்பையும் வீணாகப் போகாது. ஏலகிரி, நாகலாபுரம் மலையேற்றத்துக்கு அவைதான் சரி. ஒவ்வொரு முறையும் கழுவி உள்ளே முழுக்கக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் நம் ஊர் ஈரப்பதத்தில் கறுப்பாகப் பூஞ்சை கட்டும். காயவைக்கச் சோம்பலாக இருந்தால், தண்ணீரை வடித்துவிட்டு அப்படியே ஃப்ரீசரில் போட்டுவைக்கலாம். குழாயைத் தேய்க்க மெல்லிய நீளப் பிரஷ் தனியாக விற்கிறார்கள், பையோடேயே ஒன்று வாங்கிவிடுங்கள்.