கட்சி என்பது யார்?

2024 செப்டம்பர் மாதத்து ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்னர், கல்முனையில் எனது பத்தாந்தர வகுப்பிற்கு வாக்களிக்கும் முறையை விளக்கிக்கொண்டிருந்தேன். 1982இல் நடந்த முதலாவது ஜனாதிபதித் தேர்தலில் 6 பேரே நின்றனர். இம்முறை சீட்டில் 39 பெயர்கள். அவருள் ஒருவர் இடையிற் காலமாகிவிட்டார். ஆயினும் அவர் பெயரும் சீட்டிலிருந்தது. விருப்பப்படி மூவருக்கு 1, 2, 3 என்று இலக்கமிடலாம் என்றேன். பின்வாங்கு மாணவன் ஒருவன் எழுந்தான்.

"சேர், இத்தின பேரையும் ஆரு தெரிவுசெஞ்ச?"

"பெரும்பாலானோரைக் கட்சிகள்."

"கட்சியெண்டா ஆரு, சேர்?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2019ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது.

அவ்வாண்டு ஐக்கிய தேசியக் கட்சியில் மூவர் பெயர் அடிபட்டது: கட்சித் தலைவரும் பிரதமருமான ரணில் விக்கிரமசிங்க, சபாநாயகர் கரு ஜயசூரிய, பிரதித் தலைவர் சஜித் பிரேமதாச. சஜித்துக்காகப் பதுளையிலும் மாத்தறையிலும் பெருங்கூட்டங்கள் கூடின. கொழும்பிலோ வாரக்கணக்கிற் பேச்சுகள். செப்டம்பர் 26ஆம் நாள் கட்சியின் செயற்குழு சஜித்தை ஏற்றபோது, வேட்புமனுத் தாக்கலுக்கு எஞ்சியிருந்தவை 11 நாட்களே. எங்கள் கரையோரத்தில் நாம் தேநீர்க் கடைகளிற் பத்திரிகை பார்த்துக் காத்திருந்தோம். எம்மோடு அமர்ந்திருந்த பழைய கட்சித் தொண்டர் ஒருவருக்கும் அதே பத்திரிகைதான் செய்தி சொன்னது.

அமெரிக்காவிற் கட்சி ஆதரவாளர்கள் மாநிலந்தோறும் வாக்களித்து வேட்பாளரைத் தேர்கின்றனர். அதுவும் பழுதற்றதன்று. 2016இல் குடியரசுக் கட்சியில் 17 பேர் முட்டிமோதினர். ஏனையோர் வாக்குகள் சிதற, மொத்த வாக்கிற் பாதியைத் தொடாமலே டொனால்ட் டிரம்ப் வேட்பாளரானார். ஆள் மிகுந்த களத்திலேதான் விருப்ப வரிசையின் அருமை தெரியும். நாட்டின் வாக்காளனுக்கு அவ்வுரிமை இங்கு உண்டு. 2024இல் எவரும் பாதிக்கு மேற் பெறாமையால், முதன்முறையாக இரண்டாம் சுற்று எண்ணப்பட்டே அநுர குமார திசாநாயக்க வென்றார். கட்சி உறுப்பினனிடமோ முதல் விருப்பத்தையே கேட்பாரில்லை!

முன்னாளில் எம்மூர்களிற் பள்ளிவாசலுக்குக் குடிக்கொரு மரைக்கார் இருந்தார். அதை ஜனநாயகமென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் குடியிலுள்ள எவனும் அவர் வாசலிற் போய் நின்று நியாயம் கேட்கலாம்.

மணி அடித்தது. வகுப்புத் தலைவன் கொப்பிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தான். ஆண்டுத் தொடக்கத்தில் அவனை நியமித்தவன் நான். புள்ளிகளையும் வெளுத்த சட்டையையும் பார்த்தேனேயன்றி எவரையும் கேட்கவில்லை.

மறுநாள் கொப்பித் தாளைக் கிழித்துச் சீட்டாக்கினேன். ஐவர் முன்வந்தனர். முதற் சுற்றில் எவனுக்கும் பாதி கிட்டவில்லை. இரண்டாம் விருப்பங்களைக் கரும்பலகையிற் கூட்டிக்கொண்டிருக்கையில் அதிபர் வாசலில் வந்து நின்று, இன்று தமிழ்ப் பாடம் இல்லையா என்று கேட்டார்.