இஸ்மாயீல் என்ற பெயரின் பொருள்



எங்கள் மத்ரஸாவில் ஓதும் பத்து வயதுச் சிறுவன் ஒருவனின் பெயர் இஸ்மாயீல். "ஹஜ்ரத், என் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்று ஒரு நாள் கேட்டான். "அது ஒரு நபியின் பெயர்" என்றேன். "அது தெரியும் ஹஜ்ரத். அர்த்தம்?" என்றான். பதினெட்டு ஆண்டுகளாக அரபு இலக்கணம் கற்பித்து வரும் எனக்கு விடை தெரியவில்லை. இத்தகைய பெயர்களை "அஜமீ", அதாவது அரபியல்லாதவை, என்று சொல்லிக் கடந்துவிடுவதே என் வழக்கம்.

அந்த வெட்கமே என்னை எபிரேய மொழியின் பக்கம் திருப்பியது. "யூதர்களின் மொழி நமக்கு எதற்கு?" என்று நான் பெரிதும் மதிக்கும் மூத்த ஆலிம் ஒருவர் கடிந்துகொண்டார். நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆயினும், யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்ட செய்தி திர்மிதீயிலும் அபூதாவூதிலும் பதிவாகியுள்ளது. அன்னார் அரை மாதத்திற்குள் அதனைக் கற்றுக்கொண்டார்கள். எனக்கோ, 22 எழுத்துகளுள் 'தாலெத்'தையும் 'ரேஷை'யும் பிரித்தறியவே ஒரு மாதம் பிடித்தது!

எழுத்துகள் பழகியபின், அரபியின் உறவுமொழி அது என்பது தெளிவாயிற்று. அதுவும் வலமிருந்து இடமாக எழுதப்படுகிறது; மூன்றெழுத்து வேர்களே அதற்கும் அடிப்படை. அரபியின் 'ஸீன்' பல சொற்களில் அங்கே 'ஷீன்' ஆகிறது. நம் 'ஸலாம்' அங்கே 'ஷாலோம்'. செவியேற்றல் என்னும் பொருளுடைய 'ஸமிஅ' அங்கே 'ஷாமா'. இஸ்மாயீல் என்ற பெயரின் எபிரேய வடிவம் 'யிஷ்மாயேல்'. 'ஏல்' என்றால் இறைவன். ஆக, 'இறைவன் செவியேற்கிறான்' என்பதே அப்பெயரின் பொருள்.

உடனே இப்ராஹீம் அத்தியாயத்தின் 39ஆம் வசனம் நினைவுக்கு வந்தது. முதுமையில் இஸ்மாயீலையும் இஸ்ஹாக்கையும் வழங்கிய இறைவனைப் புகழும் இப்ராஹீம் (அலை) அவர்கள், தம் இறைவன் துஆவைச் செவியேற்பவன் என்று சொல்லியே முடிக்கிறார்கள். எத்தனை முறை ஓதிக்கொடுத்த வசனம்! அந்தப் 'ஸமீஉ'க்குள் மகனின் பெயரும் ஒலிப்பதை நான் கேட்டதேயில்லை. முற்கால முஃபஸ்ஸிர்களுள் சிலரும் இப்பெயருக்கு இத்தகைய பொருளைச் சுட்டியுள்ளனர் என்பதைப் பின்னர் அறிந்தபோது, என் கல்வியின் அளவும் எனக்குப் புரிந்தது.

குர்ஆன் தெளிவான அரபியில் அருளப்பட்டது. அதை விளங்க எபிரேயம் நிபந்தனையன்று. ஆனால் அம்மொழி என் ஓதலின் வேகத்தைக் குறைத்தது, கவனத்தைக் கூட்டியது.

மறுநாள் சிறுவனிடம் பொருளைச் சொன்னேன். மாலையில் அவன் தாயார் மத்ரஸா வாசலுக்கு வந்தார். "ஒன்பது வருஷம் துஆ கேட்டுப் பெற்ற பிள்ளை ஹஜ்ரத். அர்த்தம் தெரியாமத்தான் இந்தப் பேரு வெச்சோம்" என்றவர், மேற்கொண்டு பேச இயலாமல் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் பயனுள்ள கல்வியை வழங்குவானாக! ஆமீன்.