வில்லுக்கு ஓய்வு

ஞாயிற்றுக்கிழமைகளில் என் தாய்மாமன் தமது கைத்துப்பாக்கிக்கு ஓய்வு கொடுப்பார். ஓய்வு என்பது அவர் வழங்கிய சொல், நான் புனைந்ததன்று.

அது 1998 ஆம் ஆண்டு. எனக்குப் பத்து வயது. படிப்புக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு அனுப்பப்பட்டு, வெள்ளவத்தையில் மாமாவின் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தேன். மாமா பொலிசு உத்தியோகத்தர். அரசியற் பிரமுகர் ஒருவருக்கு மெய்க்காவலர். மாதத்தில் இரண்டு ஞாயிறுகளே அவருக்கு விடுமுறையாகக் கிடைத்தன. காலைச் சாப்பாடு முடிந்ததும் மேசைமேல் பழைய பத்திரிகைத் தாளை விரிப்பார். துப்பாக்கியின் பிடிக்குள்ளிருந்து ரவைக்கூட்டைக் கழற்றுவார். பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி, பதினைந்து ரவைகளை வரிசையாக அடுக்குவார். இடுப்புப் பட்டியிலிருந்த இரண்டாவது கூட்டுக்கும் அதே உபசாரம். வெறுங்கூடுகள் இரண்டும் மாலைவரை மேசையில் கிடக்கும். நான் அறைவாசலைத் தாண்டக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

"வில்லுக் களைச்சுப் போகும் தம்பி. நாள் முழுக்க அமத்தி வைச்சிருக்கிறம். இண்டைக்காவது அது நிமிர்ந்து நிக்கட்டும்" என்பார்.

ரவைக்கூடு என்பது ஒரு தகரப் பெட்டி. அதன் அடியில் ஒரு சுருள்வில். ரவைகளை மேலிருந்து அழுத்தி நிரப்பும்போது வில் ஒடுங்குகிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் அது சற்று விரிந்து அடுத்த ரவையை மேலே தள்ளுகிறது. தள்ளும் வலு குன்றினால் ரவை உரிய வேளையில் மேலே வராது. துப்பாக்கி இடையில் நின்றுவிடும். மெய்க்காவலன் ஒருவனின் உயிர் மட்டுமன்றி, அவன் காவல் செய்பவரின் உயிரும் விரலளவு தடிப்புள்ள அந்தச் சுருளிலே தங்கியிருக்கிறது.

மாமாவின் வழக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. 1996 இல் சூட்டுப் பயிற்சியின்போது கடைசி இரண்டு ரவைகள் மேலே வரவில்லை. பலர் முன்னிலையில் அவர் ஏச்சு வாங்கினார். புதிய வில் வேண்டுமென்று விண்ணப்பம் எழுதினார். ஆயுதக் களஞ்சியத்துக்குப் பொறுப்பானவர் புதிய வில் தரவில்லை. ஓர் ஆலோசனை தந்தார். கிடைக்கும் விடுமுறையில் ரவைகளை வெளியே எடுத்து வையுங்கள், வில் இளைப்பாறிச் சரியாகிவிடும் என்றார். அன்று தொடங்கிய வழக்கம் 2011 இல் மாமா ஓய்வுபெறும்வரை நின்றதேயில்லை.

இன்று அவர் யாழ்ப்பாணத்திலே இருக்கிறார். நான் பாடசாலை ஒன்றில் தமிழ் படிப்பிக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு மாலை, நெடுநாள் மனத்தில் வைத்திருந்தவர்போல அவர் கேட்டார்: "உங்கடை பள்ளிக்கூடத்திலை பௌதிகம் படிப்பிக்கிறவரை ஒருக்காக் கேள். நான் செய்தது சரியோ எண்டு."

கேட்டேன். எங்கள் பௌதிகவியல் ஆசிரியர் பெருஞ்சொற்களை விரும்பாதவர். காகிதம் கோக்கும் கம்பி ஊசி ஒன்றை எடுத்து நிமிர்த்தினார். அதைச் சற்றே வளைத்து, புத்தகத்தின் அடியில் அப்படியே வைத்தார். இன்னொன்றை எடுத்து முன்னும் பின்னுமாகப் பலமுறை மடித்தார், அது முறிந்தது. புத்தகத்தின் கீழிருந்ததை மறுநாட் காலையில் எடுத்தார்; அது பழையபடி நேராயிற்று. "விளங்கினதோ சேர்?" என்றார்.

றொபேட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி 1676 இல் எழுத்துகளை இடம் மாற்றிப் புதிராக வெளியிட்டு, 1678 இல் விடையை அவிழ்த்த விதிதான் இதற்கு அடிப்படை. ஒரு வில் எவ்வளவு நீளுகிறதோ, ஒடுங்குகிறதோ, அதற்கேற்ற அளவு அதன் விசையும் அமைகிறது. மீள்தன்மை எல்லைக்குள் நிற்கும்வரை நல்ல உருக்கு வில் பல ஆண்டுகள் அமுங்கிக் கிடந்தாலும் விட்டவுடன் ஏறக்குறையப் பழைய நிலைக்கே மீளும். புதிதாகப் பூட்டிய வில் முதலிற் சற்றுக் குறுகும். பின்பு அந்த நிலையிலேயே நிற்கும். அதைத் தேய்ப்பது அமுங்கிக் கிடத்தலன்று. அமுங்குவதும் விரிவதுமாகிய ஓயாத அசைவு. மேற்பரப்பிலுள்ள ஒரு கீறலிலோ துருப்புள்ளியிலோ நுண்ணிய வெடிப்புத் தோன்றி, ஒவ்வோர் அசைவிலும் சிறிது சிறிதாக உள்ளே போகிறது. உலோகம் களைப்பதென்று பொறியியலார் சொல்வது இதனையே. வெள்ளவத்தையின் உப்புக் காற்று துருவுக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. 1911 இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட பிரவுணிங்கின் கைத்துப்பாக்கி ஏழு ரவைகளை ஒற்றை வரிசையில் கொண்டது. வில்லுக்கு இடம் தாராளம். 1935 இல் வந்த ஹைபவர் துப்பாக்கியில் ரவைகள் பதின்மூன்றாயின. 1985 இல் அமெரிக்கப் படை மாறிக்கொண்ட பெரெட்டாவில் பதினைந்து. ரவைகள் கூடக் கூட வில்லுக்குரிய இடம் ஒடுங்கியது. எல்லையை ஒட்டி இறுக்கப்பட்ட வில் காலப்போக்கில் சிறிது வலுவிழப்பது உண்மையே. வியட்நாமிலே அமெரிக்கச் சிப்பாய்கள் இருபது ரவைக் கூட்டில் பதினெட்டை மட்டும் நிரப்பிய வழக்கம் பேர்பெற்றது. ஆயின் வில்லின் தலையிற் சுமத்தப்படும் பழி எல்லாம் வில்லுடையதன்று. 2003 இல் தொடங்கிய ஈராக் யுத்தத்திலே பெரெட்டாவின் ரவைக்கூடுகள் சிக்கியபோது, கூட்டின் சொரசொரப்பான பூச்சில் மணல் பற்றிக்கொண்டதே பெருங் குற்றமாகக் காணப்பட்டது. கூட்டின் வாய்விளிம்பு சற்று வளைந்தாலும் இதே கோளாறுதான்.

ஆகவே மாமாவின் கூட்டுக்கு 1996 இல் நேர்ந்தது என்னவாக இருக்கலாம்? பயிற்சியில் நூற்றுக்கணக்கான முறை நிரப்பிச் சுட்ட கூட்டையே அவர் காவலுக்கும் கொண்டுசென்றார். பயிற்சிக்கு வேறு கூடு, காவலுக்கு வேறு கூடு, தேய்ந்த வில்லுக்குப் பதிற் புதிய வில்: இதுவே முறை. அவருடைய ஓய்வு அந்த வில்லுக்கு ஓர் இம்மியும் வலுவூட்டவில்லை. அதனால் வந்த தேய்மானமும் பெரிதன்று. ஆயினும் வேறோர் ஆபத்து இருந்தது. மாலையில் ஒரே ரவையைத் திரும்பத் திரும்பக் குழலறைக்குள் ஏற்றினால், குண்டு கோதுக்குள் சற்றுப் பின்தள்ளப்படலாம். அதைச் சுடும்போது அமுக்கம் அளவு கடக்கும். இதை அவருக்குச் சொல்லிக் கொடுக்க எவரும் இருக்கவில்லை. ஒரு சின்னஞ்சிறு வில்லின் செலவை மிச்சம் பிடித்து, அந்தக் குறையை ஈடுசெய்யும் வேலையை ஒரு தொழிலாளியின் விடுமுறை நாளின்மேல் இறக்கிவைத்தார்கள். அதற்கு ஆலோசனை என்று பெயரும் இட்டார்கள்.

தமிழ் படிப்பிக்கிறவனுக்கு உவமை கண்டால் நா அரிக்கும். அமுக்கப்பட்ட வில் ஒருநாள் நிமிருமென்று எத்தனையோ கட்டுரைப் பயிற்சிகளில் மாணவர்க்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இம்முறை அந்த உவமை என் வாயில் வரவில்லை. மாமா உருக்கினாற் செய்யப்பட்டவரல்லர். இப்போதும் வாசலைப் பார்த்தே கதிரையைப் போடுகிறார். படலை கிரீச்சிட்டால், நித்திரையிலும் வலது கை இடுப்புக்குப் போகிறது. ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன.

பதினைந்து ஆண்டுகள் செய்தது வீண் என்று ஒரு முதியவரிடம் எப்படிச் சொல்வது? இரண்டு கிழமை தள்ளிப்போட்டேன். பின்பு போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமற் கேட்டார்.

"அப்ப வில்லுக்கு ஓய்வு தேவையில்லையோ?"

"இல்லை மாமா. புது வில்லுத்தான் தேவைப்பட்டிருக்கும்."

குசினியிலிருந்து தேநீரோடு வந்த மாமி, "அந்த ஞாயிறுகளிலை மட்டுந்தான் இந்த மனிசன் மத்தியானம் படுத்து நித்திரை கொண்டது. துவக்கு வெறுமையாக் கிடந்தால்தான் இவருக்குக் கண் மூடும்" என்றார்.

மாமா அதற்கு மறுமொழி சொல்லவில்லை. தேநீரை ஆற்றிக்கொண்டே சற்று நேரம் யோசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த நாளையிலை ஒரு வில்லு என்ன விலை வந்திருக்கும்?" என்று கேட்டார்.

அதை நான் விசாரித்திருக்கவில்லை.