உப்புக் காற்றில் ரிம்மும் பறவையும்

கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலை உப்பங்கழியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. இருபுறமும் தண்ணீர், அதற்கப்பால் உப்பளப் பாத்திகள், நடுவில் பக்கிங்ஹாம் கால்வாய். ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு சென்னையிலிருந்து கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தாண்டி மிதித்து வருகிறவர்களில் ஒரு சிறு கூட்டம் கோவளத்தில் வலப்பக்கம் திரும்பி இங்கே டீ குடிக்க நிற்கும். அவர்களோடு நிற்கத்தான் நானும் போயிருந்தேன். பொங்கலுக்குச் சில நாட்களே இருந்தன. மழைத் தண்ணீர் வடிந்து, கழியில் அங்கங்கே சேற்றுத் திட்டுகள் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. கரைப்பறவைகளுக்கு இதைவிட நல்ல நேரம் இல்லை.

டீ கைக்கு வருவதற்குள் பேச்சு தொடங்கிவிட்டது. ஐடி வேலையில் இருக்கும் இளைஞர் ஒருவர்தான் ஆரம்பித்தார்.

“அண்ணா, பின்னாடி டிக் டிக்னு ஒரு சத்தம். செயின் இல்ல, மிதிக்காம விட்டாலும் வருது.”

“பிரேக் உரசுதா?”

“ஒரு இடத்துல மட்டும். நேத்துதான் கோட்டம் எடுத்துட்டு வந்தேன்.”

கேட்டவர் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். இந்தக் கூட்டத்துக்கே பெரியவர். டீயைச் சுவரில் வைத்துவிட்டு எழுந்தார். “நேத்து எடுத்த கோட்டம் இன்னிக்கே திரும்பி வந்துச்சுன்னா கம்பியைத் திருகாத தம்பி. ரிம்மைப் பாரு.”

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். பெரியவர் ஈரத்துணியால் பின்சக்கர ரிம்மின் உள்விளிம்பைத் துடைத்து, ஒவ்வொரு கம்பியாகக் கட்டைவிரலை நகர்த்திக்கொண்டே வந்தார். வால்வுக்கு மூன்று கம்பி தள்ளி விரல் நின்றது. நிப்பிள் உட்காரும் ஓட்டையைச் சுற்றி அலுமினியம் லேசாகப் புடைத்திருந்தது. ஓட்டையின் விளிம்பிலிருந்து இரண்டு பக்கமும் முடி கனத்தில் கறுப்புக் கோடு. தலைமுடி ஏதும் ஒட்டியிருக்கிறதோ என்று நகத்தால் கீறிப் பார்த்தேன். நகம் கோட்டுக்குள் இறங்கியது. நிப்பிளின் அடியில் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அடுத்தடுத்துப் பார்த்ததில் இன்னும் சில ஓட்டைகளில் அதே கோடு. எல்லாமே பல்சக்கரம் இருக்கும் வலப்பக்கத்துக் கம்பிகள்.

வலப்பக்கம்தான் முதலில் போகும், அதற்குக் காரணம் உண்டு. பின்சக்கரத்தில் பல்சக்கர அடுக்குக்கு இடம்விட வேண்டியிருப்பதால் ஹப்பின் வலது விளிம்பு உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும். அந்தப் பக்கத்துக் கம்பிகள் செங்குத்தாக நிற்கும். ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் அவற்றை இடப்பக்கத்தைவிட மிக இறுக்கமாக முறுக்க வேண்டும். ஒரு கம்பியில் 100 கிலோவைத் தொங்கவிட்டால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு இழுவை, அதற்கு மேலும்கூட. சக்கரம் உருளும்போது தரையைத் தொடும் இடத்துக் கம்பி சற்றே தளர்ந்து மறுபடி இறுகும். சாலை சைக்கிளின் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர் போகிறது. ஒரு கிலோமீட்டருக்கு 470 சுற்றுக்கு மேல். ஒவ்வொரு சுற்றிலும் இந்தத் தளர்வும் இறுக்கமும் உண்டு. கட்டுக்கம்பியை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி ஒடிப்பது போலத்தான் அலுமினியமும் விட்டுக்கொடுக்கிறது. பள்ளத்தில் விழுந்தால் ரிம் நெளியும், சொட்டை விழும். ஓட்டையைச் சுற்றி வரும் வெடிப்பு பெரும்பாலும் வெகுநாள் உழைத்ததன் விளைவு.

இந்தச் சாலையில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. நிப்பிள் பித்தளை, ரிம் அலுமினியம். இரண்டுக்கும் நடுவே உப்பு ஈரம் தங்கினால் அரிபடுவது அலுமினியம்தான். அந்த வெள்ளைப் பொடி அதன் அடையாளம்.

“வெல்டு வச்சா நிக்குமா சார்?” என்றார் டீக்கடைக்காரர். நிற்காது. ரிம்முக்கு வலு கொடுப்பதே அதைச் சூடுபடுத்திப் பக்குவம் செய்த முறை. வெல்டிங் சூடு பட்டால் அந்த இடம் மெத்தென்று ஆகிவிடும். மிதித்துக்கொண்டே வீடு போகலாமா என்று இளைஞர் கேட்டதற்குப் பெரியவர் பதிலே சொல்லவில்லை. டயரில் காற்றை இறக்கிவிட்டார்.

அப்போது பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் பைனாகுலரோடு நின்ற பள்ளி ஆசிரியை அக்கா கையை உயர்த்தினார். “விரால் அடிப்பான்! கரண்ட் கம்பத்துக்கு இடப்பக்கம்.”

ரிம்மை விட்டுவிட்டு எல்லோரும் ஓடினோம். வெள்ளை வயிறு, கண் வழியாக ஓடும் கறுப்புப் பட்டை. அந்தரத்தில் சிறகடித்து நின்ற பறவை கால்களை முன்னால் நீட்டி விழுந்தது. தண்ணீர் சிதறி, மறுபடி எழும்பியபோது காலில் மீன். மீனின் தலை முன்பக்கம் பார்த்திருக்கும்படி பிடித்துக்கொண்டு பறந்தது. காற்றின் எதிர்ப்பைக் குறைக்க இந்தப் பறவை எப்போதும் செய்வது அது.

பைனாகுலர் என் கைக்கு வந்தது. தொலைவில் பூநாரைகள், அதிகம் இல்லை. வளைந்த அலகைத் தலைகீழாகச் சேற்றுநீரில் அமிழ்த்தி அரித்துக்கொண்டிருந்தன. அவற்றின் இளஞ்சிவப்பு, தின்னும் பாசியிலும் சிற்றுயிர்களிலும் இருந்து வருகிற நிறம். அந்தப் பாசியும் சிற்றுயிரும் இந்த உவர்நீரில் செழிப்பவை. ரிம்மைத் தின்கிற உப்புதான் பறவைக்குச் சோறு போடுகிறது. உப்பு பிடிக்கவில்லை என்று பாதையை மாற்ற இந்தக் கூட்டத்தில் ஒருவரும் தயாரில்லை. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அருகே சேற்றில் கொசு உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்தின. 20, 30 கிராம் எடை உள்ள பறவை. வடதுருவத்தை ஒட்டிய தூந்திரப் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. காரில் போகிறவர்களுக்கு இந்தக் கழி வெறும் சேறாகத்தான் தெரியும். சைக்கிளில் காதும் திறந்திருக்கிறது. ஆள்காட்டியின் கூப்பாடும் ரிம்மின் டிக் டிக்கும் கேட்பது அதனால்தான். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு மிதிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

உப்பளத்துப் பக்கமிருந்து ஒரு தாத்தா பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். இரும்பு ரிம், முன்னால் 32 கம்பி, பின்னால் 40. மெருகு போய் அங்கங்கே துரு, ஆனால் ஒரு வெடிப்புகூட இல்லை.

“எப்படி தாத்தா வச்சிருக்கீங்க?”

“வீட்டுக்குப் போனதும் நல்ல தண்ணி ஊத்திக் கழுவுவேன். எண்ணெய்த் துணியால ஒரு தொடை. அவ்ளோதான் கண்ணு.”

பெரியவர் இளைஞரைப் பார்த்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பேச்சு பள்ளிக்கரணைக்குப் போனது. 2022-இல் ராம்சர் பட்டியலில் ஏறிய சதுப்புநிலம் அது. வரும் வழியில் அங்கே நீலத் தாழைக்கோழிகளைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதே இடத்தில் கரையோரம் கொட்டிக் கிடந்த கட்டட இடிபாடுகளைப் பற்றிச் சொன்னபோது அவர் குரல் கனத்தது. எனக்கும் கோபம்தான். அடுத்த மழையில் இந்த ஊரின் தண்ணீர் போய் நிற்க வேண்டிய இடம் அது.

2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு அக்கா ஆள் பிரிக்கத் தொடங்கினார். ஒரு நீர்நிலைக்குக் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததை, கேட்டதை எல்லாம் குறிக்க வேண்டும். ஒருவருக்குப் பள்ளிக்கரணை, ஒருவருக்குப் பெரும்பாக்கம், ஒருவருக்கு முட்டுக்காடு. “கேளம்பாக்கம் உனக்கு தம்பி. சக்கரம் ரெடியாயிடுமா?”

ஹப் நன்றாகத்தான் இருக்கிறது. ரிம் மட்டும் மாற்றினால் போதும் என்றார் பெரியவர். பழைய ரிம்மோடு அதே அளவுள்ள புது ரிம்மைச் சேர்த்துக் கட்டி, கம்பிகளை ஒவ்வொன்றாக இதிலிருந்து அதற்கு மாற்றுவார்களாம். ஒரு மாலைப் பொழுதில் முடிகிற வேலை. குட்டியானை வண்டி வந்ததும் இளைஞர் சைக்கிளைத் தூக்கி ஏற்றினார்.

“லேசான ரிம்மா பாக்கவா அண்ணா?”

“உன் ஹப்புல 32 ஓட்டை இருக்கு. கனமானதாவே வாங்கு. வாங்கி வீட்டுக்கு வா, நானே கோர்த்துத் தரேன்.”