அரைமணிக்குப் பிறகு

இரவு இரண்டு மணிக்கு மேல் எங்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கழிவுநீர் வரத்து இறங்கிவிடும். சென்னை தூங்குகிறது என்று அர்த்தம். காலையில் ஊர் விழித்ததும் எங்களுக்கு உடனே தெரியாது. குழாய் குழாயாக, பம்பு பம்பாகத் தாண்டி வர நேரமாகும். ஞாயிற்றுக்கிழமை இன்னும் தாமதம். தீபாவளியன்று மட்டும் முன்கூட்டியே ஏறும், எண்ணெய்க் குளியலின் பிசுக்கோடு.

உறவுக்காரர்கள் முதலில் கேட்பது நாற்றத்தைத்தான். காற்று சரியாக ஊதப்படும் தொட்டியில் நனைந்த மண்வாசனை வரும், அவ்வளவுதான். அழுகிய முட்டை வாடை வேறு, அது ஹைட்ரஜன் சல்பைடு. அது 100 பிபிஎம்மைத் தொட்டால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். குழிக்குப் பக்கத்தில் நின்று "இப்ப வாடை இல்லையே" என்பவரைக் கையைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். அங்கே கேஸ் மீட்டரைத்தான் நம்பலாம்.

மற்ற நேரமெல்லாம் என் நம்பிக்கை ஒரு லிட்டர் சிலிண்டர்மேல். 1914இல் மான்செஸ்டரில் ஆர்டர்னும் லாக்கெட்டும் கழிவுநீருக்குள் காற்றை ஊதி, அடியில் தங்கிய மண்டியைக் கொட்டாமல் அடுத்த தடவைக்கு வைத்துக்கொண்டார்கள். எங்கள் பிழைப்பே அந்த மண்டிதான். தொட்டி நீரைச் சிலிண்டரில் நிரப்பி 30 நிமிடம் ஆடாமல் வைப்போம். முதலில் திரிந்த பால்போல் திட்டுத்திட்டாகச் சேரும். பிறகு ஒரு கோடு பிரிந்து மெல்ல இறங்கும். மேலே தெளிந்த நீர்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு ராத்திரி கோடு 250 மில்லியில் நின்றது. நல்ல ரீடிங். லாக் புக்கில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் மண்டி முழுவதும் கட்டியாக மேலே மிதக்கிறது, ஓரமெல்லாம் பொடிக் குமிழ்கள். யாரோ ஆட்டிவிட்டார்கள் என்று நினைத்துக் கழுவிக் கவிழ்த்தேன். விடியும்போது, மண்டியைத் தங்கவைத்து நீரைப் பிரிக்கும் கிளாரிஃபையர் தொட்டியின் மேலெல்லாம் பழுப்புத் திட்டு.

"சிலிண்டரைக் கழுவிட்டியா?" என்றார் மூத்தவர்.

"ஆமாண்ணே, தப்பா இருந்துச்சு."

"தப்பா இருந்தா அதைத்தானடா பாக்கணும்?"

மண்டி கிளாரிஃபையர் அடியில் அதிக நேரம் கிடந்திருக்கிறது. ஆக்சிஜன் தீர்ந்ததும் மண்டியிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைப் பிடித்துக்கொள்ளும். அதிலிருந்து வரும் நைட்ரஜன் வாயு குமிழாகி மண்டியைத் தூக்கிவிடும். மண்டியைத் தொட்டிக்குத் திருப்பும் பம்பை மூத்தவர் கூட்டி ஓட்டினார். அன்று சாயங்காலத்துக்குள் திட்டுகள் குறைந்தன. சிலிண்டர் எனக்கு ராத்திரியே காட்டிய விஷயம் இது.

லாக் புக்கில் 30 நிமிட ரீடிங்குக்கு ஒரு கட்டம் உண்டு, அதற்குப் பிறகு நடப்பதற்குக் கிடையாது. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததை நான் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைக்கிறேன். காலை ஷிஃப்ட் தம்பி இப்போதெல்லாம் என்னைக் கேட்காமல் சிலிண்டரைக் கழுவுவதில்லை.